‘நான்-டாக்ஸிக்’னா சாப்பிடலாமா? கேக் மேல் மினுங்கும் பொடியின் 200 வருடக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு சின்ன டப்பாவைப் பத்திப் பேசப் போறோம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே தங்க நிறத்தில், ரோஸ் கோல்டில், வெள்ளியில் மினுமினுக்கும் பொடி. பேக்கிங் கடைகளில் ‘லஸ்டர் டஸ்ட்’, ‘பெட்டல் டஸ்ட்’, ‘கிளிட்டர்’ என்று பல பெயரில் கிடைக்கும். கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு கப்கேக், பிறந்தநாள் கேக், இப்போ தீபாவளி சாக்லேட் பாக்ஸ் வரைக்கும் எல்லாத்து மேலயும் இதைத் தூவுறாங்க. இன்ஸ்டாவில் பார்க்க அட்டகாசமாக இருக்கும்.

அந்த டப்பாவின் லேபிளில் பல நேரம் ‘நான்-டாக்ஸிக்’ என்று போட்டிருக்கும். விஷமில்லை என்று அர்த்தம். சரி, விஷமில்லைனா சாப்பிடலாம்தானே?

சாப்பிடக்கூடாது. ஏன் என்பதற்கான பதிலில் 200 வருட வரலாறு இருக்கு. லண்டன் மிட்டாய்க் கடைகள், யார்க்ஷயரில் ஒரு சனிக்கிழமைச் சந்தை, அமெரிக்காவில் ஒரு ஹாலோவீன், எல்லாத்தையும் சுத்திட்டு நம்ம ஊர் பஞ்சு மிட்டாய்க்கு வந்து சேருவோம்.

2018, ரோட் ஐலண்ட்

முதலில் சமீபத்திய கதை. 2018 அக்டோபர். அமெரிக்காவின் மிகச்சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், ஒரு பேக்கரியில் வாங்கிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. வயது 1 முதல் 11 வரை. சிலருக்குச் சாப்பிட்ட அரை மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் முதல் சந்தேகம் கிருமி மேல்தான் வரும். கெட்டுப்போன க்ரீம், சரியாக ஃப்ரிட்ஜில் வைக்காத முட்டை, இப்படி. ஆனால் விசாரித்தவர்களின் கவனம் கடைசியில் கேக் மேல் பூசியிருந்த ரோஸ் கோல்டு பொடிக்குப் போனது. கேக்கை லேபுக்கு அனுப்பிப் பார்த்தால், ஒரு கிராம் ஃப்ராஸ்டிங்கில் சுமார் 22 மில்லிகிராம் தாமிரம். கேக்கை அலங்கரிக்கப் பயன்பட்ட அந்த மினுமினுப்பு, அடிப்படையில் நுண்ணிய தாமிரத் தூள். இந்த மாதிரிப் பொடிகளின் லேபிளில் பல நேரம் என்ன போட்டிருக்கும் தெரியுமா? நான்-டாக்ஸிக்.

அடுத்த வருஷம், 2019. மிசூரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பது தெரியவந்தது. ஒரு டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம். அந்தக் காலகட்டத்தில் 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எங்கிருந்து வந்தது என்று தேடினால், பிறந்தநாள் கேக்கை அலங்கரித்த மஞ்சள் நிறப் பொடி. அதில் நான்கில் ஒரு பங்கு ஈயம். ஆமாம், 25 சதவீதம்.

இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இந்தப் பொடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது.

மஞ்சள் நிறம், இனிப்பு, ஈயம், குழந்தை. இந்த நாலு வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க. இதே நாலும் 1831லும் ஒண்ணா வரும்.

மண்டை ஓடு போட்ட புத்தகம்

1820, லண்டன். ஃபிரெடரிக் அக்கும் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒரு புத்தகம் போடுகிறார். உணவில் நடக்கும் கலப்படங்களும் சமையலறை விஷங்களும்தான் விஷயம். முகப்பில் மண்டை ஓடு. ரொட்டி, பீர், டீ, மிளகு, ஊறுகாய், மிட்டாய் என்று வரிசையாக எதில் என்ன கலக்கிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருந்தார். கலப்படம் செய்து தண்டனை பெற்ற வியாபாரிகளின் பெயர்களையும் அச்சில் போட்டார்.

புத்தகம் சுடச்சுட விற்றது. எதிரிகளும் வந்தார்கள். கொஞ்ச நாளில் ராயல் இன்ஸ்டிடியூஷன் நூலகப் புத்தகங்களிலிருந்து பக்கங்களைக் கிழித்தார் என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அவமானம் தாங்காமல் 1821ல் இங்கிலாந்தை விட்டே கிளம்பிப் போய்விட்டார். ஆளும் போனார், பேச்சும் அமுங்கியது. மிட்டாய்க்காரர்கள் பழையபடி தொழிலைத் தொடர்ந்தார்கள்.

அந்தக் காலத்து மிட்டாய்க்கு நிறம் எங்கிருந்து வந்தது? மஞ்சள், குங்குமப்பூ, கொச்சினீல் பூச்சி போன்ற இயற்கைச் சாயங்கள் இருந்தன. ஆனால் விலை அதிகம், சீக்கிரம் மங்கிவிடும். பெயின்ட் கடையில் கிடைத்த தாது நிறங்கள் மலிவு, பளிச்சென்று இருக்கும், மங்காது. சிவப்புக்குச் செந்நிற ஈய ஆக்சைடு, பாதரசச் சேர்மமான வெர்மிலியன். மஞ்சளுக்கு லெட் குரோமேட். பச்சைக்கு ஷீலே பச்சை என்ற ஒன்று. அதில் தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கும். சுவரில் ஒட்டும் வால்பேப்பருக்கும் அதுதான், குழந்தை சப்பும் மிட்டாய்க்கும் அதுதான்.

இந்த மிட்டாய்களைக் கொன்றுவிடும் நோக்கத்தோடு யாரும் செய்யவில்லை என்பதையும் கவனிக்கணும். மிட்டாய் செய்தவருக்கு வேதியியல் தெரியாது. நிறம் விற்றவருக்கு அது மிட்டாயில் போகுமா, கதவில் போகுமா என்ற கவலை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ‘இது சாப்பிடுவதற்கா?’ என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

தந்திக்காரர் சோதித்த மிட்டாய்

1831ல் அந்தக் கேள்வியைக் கேட்டவர் வில்லியம் புரூக் ஓ’ஷானசி. அயர்லாந்துக்காரர், எடின்பரோவில் மருத்துவம் படித்து முடித்த கையோடு லண்டன் வந்தவர். வயது இருபதுகளின் ஆரம்பம். நம்மில் பலர் முதல் வேலையில் டிரெய்னிங்கில் உட்கார்ந்திருந்த வயசு. லண்டன் கடைகளில் வண்ண வண்ண மிட்டாய்களை வாங்கி, ஒவ்வொன்றாகக் கரைத்துச் சோதித்து, முடிவுகளை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஈயம், தாமிரம், பாதரசம், லெட் குரோமேட், எல்லாம் மிட்டாயில் இருந்தன. அதாவது 1831லேயே மஞ்சள் மிட்டாயில் ஈயம் இருப்பது அச்சில் வந்தாச்சு.

ஆனால் சட்டம் எதுவும் வரவில்லை. ஓ’ஷானசி அதே வருஷம் காலரா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். அதிலிருந்து உப்பும் நீரும் வெளியேறிவிடுகின்றன, அதைத் திருப்பிக் கொடுக்கணும் என்று சொன்னார். இன்னைக்கு ஆஸ்பத்திரியில் ஏத்துற சலைனுக்கு வேர் அங்கே இருக்கு. பிறகு 1833ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். 1839ல் அங்கே தந்திக் கம்பி இழுத்துச் சோதனை செய்தார். 1850களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் நகரங்களை இணைத்த தந்தி வலையை அமைத்தவர் இவர்தான். மெட்ராஸுக்கு முதல் ‘நெட்வொர்க்’ கொண்டுவந்தவர், அதுக்கு இருபது வருஷம் முன்னாடி மிட்டாயில் விஷம் தேடியவர். ஒரே ஆள்.

அவர் விட்ட இடத்தில் ஆர்தர் ஹில் ஹாஸல் தொடர்ந்தார். 1851 முதல் லான்செட்டின் ஆசிரியர் தாமஸ் வாக்லியோடு சேர்ந்து லண்டன் கடைகளில் உணவுப் பொருட்களை வாங்கி, மைக்ரோஸ்கோப்பிலும் ரசாயனச் சோதனையிலும் போட்டுப் பார்த்தார். முடிவோடு கடைக்காரரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் அச்சிட்டார்கள். இன்னைக்குக் கூகுள் ரிவ்யூவில் ஒரு ஸ்டார் கொடுத்தாலே கடைக்காரர் பதறுகிறார். அவர்கள் எப்படிப் பதறியிருப்பார்கள்! மிட்டாய்களில் மறுபடியும் அதே பட்டியல்தான். நாடாளுமன்றம் 1855ல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. விசாரணை நடந்தது. சட்டம் மட்டும் வரவில்லை.

பிராட்ஃபோர்ட், 30 அக்டோபர் 1858

சட்டத்தை அசைத்தது ஒரு சனிக்கிழமை.

யார்க்ஷயரில் பிராட்ஃபோர்ட் நகரம். கம்பளி ஆலைகளின் ஊர். சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் கடை போட்டுப் பெப்பர்மின்ட் மிட்டாய் விற்பார். ஊரே செல்லமாக ‘ஹம்பக் பில்லி’ என்று கூப்பிடும். அவருக்கு மிட்டாய் செய்து கொடுப்பவர் ஜோசப் நீல்.

அப்போது சர்க்கரை விலை அதிகம். அதனால் சர்க்கரையோடு ‘டாஃப்’ என்ற வெள்ளைப் பொடியைக் கலப்பார்கள். டாஃப் என்றால் பெரும்பாலும் ஜிப்சம். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது, சட்டவிரோதமும் இல்லை. நீல் தன் வீட்டில் தங்கியிருந்த ஜேம்ஸ் ஆர்ச்சரை, சுமார் மூன்று மைல் தள்ளி ஷிப்லியில் இருந்த சார்லஸ் ஹாட்ஜ்சனின் மருந்துக் கடைக்கு டாஃப் வாங்க அனுப்பினார். ஹாட்ஜ்சனுக்கு அன்று உடம்பு சரியில்லை. உதவியாளர் வில்லியம் காடர்ட்தான் எடுத்துக் கொடுத்தார். டாஃப் என்று நினைத்து அவர் அளந்து கொடுத்த 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ, ஆர்சனிக். இரண்டும் வெள்ளைப் பொடி. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

அதைக் கலந்து சுமார் 40 பவுண்டு மிட்டாய் தயாரானது. செய்த ஜேம்ஸ் ஆப்பிள்டனுக்கு உடம்பு முடியாமல் போனது. மிட்டாய் பார்க்க வழக்கம் போல இல்லை என்பதும் தெரிந்தது. வாங்க வந்த ஹார்டேக்கரும் நிறத்தைக் கவனித்தார். கவனித்துவிட்டு என்ன செய்தார்? விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து பவுண்டு விற்றது. முதலில் இறந்தவர்கள் இரண்டு குழந்தைகள். காலராவாக இருக்கும் என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் செய்தி வர ஆரம்பித்ததும்தான் எல்லாக் கோடும் சந்தைக் கடையில் போய்ச் சேர்ந்தது. காவலர்கள் தெருத்தெருவாகப் போய் எச்சரித்தார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சுமார் 20 பேர் இறந்தார்கள்.

நீல், ஹாட்ஜ்சன், காடர்ட் மூவர் மேலும் வழக்கு. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஏன்னா, மிட்டாயில் ஜிப்சம் கலப்பது குற்றம் கிடையாது. கொடுத்தது தவறான பொடி, அவ்வளவுதான். மக்களைக் கோபப்படுத்தியது இந்த இடம்தான். ‘தவறான பொடி’ என்று சொன்னால், மிட்டாய்க்குள் போக ‘சரியான’ ஜிப்சம் என்று ஒன்று உண்டா?

1860ல் பிரிட்டனின் முதல் பொதுவான உணவுக் கலப்படச் சட்டம் வந்தது. பல் இல்லாத சட்டம். உள்ளூர் நிர்வாகம் விரும்பினால் சோதனையாளரை நியமிக்கலாம் என்றது. விரும்பியவர்கள் குறைவு. 1868ல் மருந்துக் கடைகளில் விஷப் பொருட்களை விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 1875ல் உணவு மற்றும் மருந்து விற்பனைச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை உருப்படியாக மாறியது. அந்த வரிசையில் வந்ததுதான் 1918ல் மதராஸ் மாகாணத்தில் போட்ட கலப்படத் தடுப்புச் சட்டமும். சுதந்திரத்துக்குப் பிறகு 1954ல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டமானது.

ஏழே ஏழு நிறங்கள்

இதுவரைக்கும் வந்த சட்டங்கள் எல்லாம், நம்ம பாஷையில் சொன்னால், பிளாக்லிஸ்ட். ஆபத்தானது என்று நிரூபிக்கப்பட்டதைத் தடை செய். மத்ததெல்லாம் ஓகே. செக்யூரிட்டி வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், பிளாக்லிஸ்ட் எப்பவும் ஒரு அடி பின்னாடிதான் இருக்கும். யாராவது அடிபட்ட பிறகுதான் லிஸ்டில் பெயர் ஏறும்.

1856ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் தார்க் கழிவிலிருந்து ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மலேரியா மருந்தான குவினைனைச் செய்யப் போனவர் கையில் சாயம் வந்து நின்றது. அதன் பிறகு செயற்கைச் சாயங்கள் வெள்ளம் போல வந்தன. துணிக்குப் போட்டதெல்லாம் மிட்டாய்க்கும் போனது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவுகளில் சுமார் 80 செயற்கைச் சாயங்கள் புழக்கத்தில் இருந்தன.

1906ல் அமெரிக்காவில் தூய உணவு மருந்துச் சட்டம் வந்தது. 1907ல் அரசு ஒரு பட்டியலை வெளியிட்டது. அந்த 80 சாயங்களில் ஏழு மட்டும் உணவில் சேர்க்கத் தகுந்தவை. வைட்லிஸ்ட் வந்தாச்சு. இனி லிஸ்டில் இருக்கிறது மட்டும்தான் உள்ளே வரலாம். பிரச்சினை தீர்ந்ததா?

அந்த ஏழில் ஒன்றின் பெயர் ஆரஞ்சு 1.

1950, ஹாலோவீன்

1938ல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது அதே சாயத்துக்கு ‘எஃப்டி அண்ட் சி ஆரஞ்சு நம்பர் 1’ என்று பெயர் வந்தது. 1950 இலையுதிர் காலம். ஹாலோவீன் என்றாலே ஆரஞ்சு நிறம்தான், பூசணிக்காயின் நிறம். மிட்டாய்த் தயாரிப்பாளர் நிறத்தைத் தாராளமாகப் போட்டார். மிட்டாயில் 1 முதல் 2 சதவீதம் சாயம். சாப்பிட்ட குழந்தைகள் பலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

இதில் சட்டத்தை யாரும் மீறவில்லை. சாயம் அனுமதிக்கப்பட்டது, 43 வருடமாகப் பட்டியலில் இருந்தது. ஆனால் எவ்வளவு போடலாம் என்று யாரும் கேட்கவில்லை. பண்டிகைக்காகக் கூடுதலாகப் போடும்போது என்ன ஆகும் என்றும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

அதே காலத்தில் ஜேம்ஸ் டிலேனி தலைமையில் காங்கிரஸ் குழு ஒன்று உணவில் சேரும் ரசாயனங்களை விசாரித்துக்கொண்டிருந்தது. எஃப்டிஏ பழைய சாயங்களை மறுபடியும் சோதித்தது. 1950களின் நடுவில் ஆரஞ்சு 1ம் வேறு சில சாயங்களும் பட்டியலை விட்டு வெளியேறின. 1960ல் நிறச் சேர்க்கைகளுக்கான சட்டத் திருத்தம் வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த சுமார் 200 நிறங்களும் தற்காலிகப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் நிரந்தர இடம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? விற்கிறவருக்கு.

இந்த 130 வருடக் கதையில் பெரிய மாற்றம் இதுதான்னு எனக்குத் தோணுது. ஓ’ஷானசி காலத்தில் ‘இது ஆபத்து’ என்று நிரூபிக்கும் வேலை, கைக்காசு போட்டு மிட்டாய் வாங்கிச் சோதித்த டாக்டருக்கு. 1960க்குப் பிறகு ‘இது ஆபத்தில்லை’ என்று நிரூபிக்கும் வேலை, விற்று லாபம் பார்க்கிறவருக்கு. எதுக்காக, எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளும் அனுமதிக்குள்ளேயே சேர்ந்துவிட்டன.

அப்போ கிளிட்டர் எப்படி உள்ளே வந்தது?

இவ்வளவு வேலி போட்ட பிறகும் 2018ல் குழந்தைகள் தாமிரத்தைச் சாப்பிட்டது எப்படி? வேலியில் ஓட்டை விழவில்லை. அந்தப் பொடி வேறு வாசல் வழியாக வந்தது. உணவாக வரவில்லை, கைவினைப் பொருளாக வந்தது.

‘நான்-டாக்ஸிக்’ என்ற சொல்லின் ஊரும் அதுதான். க்ரேயான், பெயின்ட், கோந்து. 1988ல் அமெரிக்காவில் ஓவியப் பொருட்களின் ஆபத்தை லேபிளில் சொல்ல வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. அங்கே ‘நான்-டாக்ஸிக்’ என்றால், படம் வரையும்போது கையில் பட்டால், குழந்தை தெரியாமல் கொஞ்சம் வாயில் வைத்துவிட்டால் பெரிய தீங்கு வராது என்ற அளவில்தான் அர்த்தம். ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுவதை மனதில் வைத்து யாரும் அந்த முத்திரையைக் குத்துவதில்லை. க்ரேயான் நான்-டாக்ஸிக்தான். அதுக்காக யாரும் சாம்பாரில் போடுறதில்லையே!

சர்க்கரையில் செய்த பூ, பொம்மை போன்ற அலங்காரங்களைப் பொறுத்தவரை ஒரு பழைய வழக்கம் உண்டு. அலங்காரத்துக்கு வைப்பார்கள், வெட்டும் முன் எடுத்துவிடுவார்கள். அதற்காக விற்ற பொடிகள் அதே பேக்கிங் கடை அலமாரியில், உண்ணக்கூடிய பொடிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. பிறகு சோஷியல் மீடியா வந்தது. கேக் முழுக்கத் தங்கம், டோனட் முழுக்கக் கிளிட்டர். பூவை எடுத்துவிடலாம், ஃப்ராஸ்டிங்கில் குழைத்த பொடியை எப்படி எடுப்பது? ஷிப்லியில் ஆர்சனிக்கும் டாஃபும் ஒரே கடையில் வெள்ளையாக இருந்த மாதிரி, இங்கே இரண்டு பொடியும் ஒரே அலமாரியில் தங்கமாக இருந்தன.

உண்மையான எடிபிள் கிளிட்டர் எதில் செய்வார்கள்? சர்க்கரை, அரேபியப் பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, கூட அனுமதிக்கப்பட்ட உணவு நிறம். முத்து மாதிரி மினுமினுக்க வேண்டும் என்றால் மைக்கா, அதாவது அப்பிரகம். அதன் மெல்லிய தகடுகள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசினால் ஒளி பட்டுத் தெறிக்கும். அமெரிக்கா இதை உணவுக்கு அனுமதித்தது 2006ல்தான். ஆனால் அதே டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய யூனியன் 2022ல் உணவிலிருந்து நீக்கிவிட்டது. பட்டியல் கல்வெட்டு கிடையாது. புது ஆதாரம் வந்தால் மாறும். ஆரஞ்சு 1 போன மாதிரி.

நம்ம ஊர்ப் பக்கம்

நம்மிடமும் மினுமினுப்பு உண்டு. கல்யாணத்துக்கு வாங்கும் காஜு கத்லி மேல் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள், அதான் வரக். அமெரிக்காவில் வெள்ளி உணவு நிறமாக அனுமதிக்கப்படவில்லை. அங்கே வெள்ளி உருண்டைகள் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்ற லேபிளோடுதான் விற்கும். இந்தியாவில் வரக் சாப்பிடலாம், அதற்குத் தனித் தரநிர்ணயம் இருக்கு. 2016ல் எஃப்எஸ்எஸ்ஏஐ, விலங்கிலிருந்து வரும் எந்தப் பொருளையும் அதன் தயாரிப்பில் பயன்படுத்தக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. காரணம், அதுவரை பல இடங்களில் மாட்டுக் குடல், தோல் இவற்றுக்கு நடுவில் வைத்துத்தான் வெள்ளியைத் தட்டி மெல்லிசாக்குவார்கள்.

வரக்கில் வெள்ளிக்குப் பதில் அலுமினியம் வருவது பழைய மோசடி. எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லித் தரும் சோதனை ரொம்ப எளிது. விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் உண்மையான வெள்ளித்தாள் பொடியாகிவிடும். அலுமினியம் துண்டு துண்டாகக் கிழியும்.

அப்புறம் பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது ஞாபகம் இருக்கும். காரணம் ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். மிட்டாய்க்காரர் துணிச் சாயத்தைப் போட்டது ஏன்? மலிவு, பளிச்சென்று இருக்கும், மங்காது. 1820ல் லண்டன்காரர் சொல்லியிருக்கக்கூடிய அதே மூன்று காரணம். அடுத்த மாதமே கர்நாடகாவும் பஞ்சு மிட்டாய், கோபி மஞ்சூரியன் இரண்டிலும் இந்தச் சாயத்தைத் தடை செய்தது.

இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான். டார்ட்ராஸின், சன்செட் யெல்லோ, பிரில்லியன்ட் புளூ மாதிரியானவை. அவற்றையும் குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள்தான் போடலாம்.

சரி, கடையில் நின்னு என்ன பார்க்கணும்?

வரலாறு கேட்டாச்சு. இந்த டிசம்பரில் கேக் செய்யப் போறவங்களுக்கு நாலு விஷயம்.

ஒன்று, ‘எடிபிள்’ என்ற சொல் இருக்கணும். ‘நான்-டாக்ஸிக்’, ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று இருந்தால் அது உணவில்லை. கொஞ்சூண்டு தூவினால் பரவாயில்லை என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

இரண்டு, பின்பக்கம் திருப்பிப் பாருங்க. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கணும். பட்டியலே இல்லைனா, முன்பக்கம் எவ்வளவு அழகாக ‘ஃபுட் கிரேட்’ என்று எழுதியிருந்தாலும் கீழே வச்சிடுங்க. பெரிய டப்பாவிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாவில் அடைத்து, லேபிள் இல்லாமல் விற்கும் பொடிக்கும் இதே பதில்தான்.

மூன்று, இந்தியாவில் விற்கும் உணவுப் பாக்கெட் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கணும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

நான்கு, கேக்கை ஆர்டர் கொடுக்கிறீங்கன்னா கேளுங்க. “அண்ணா, மேலே தூவுற பொடி டப்பாவைக் கொஞ்சம் காட்ட முடியுமா?” அவ்வளவுதான். சண்டை போடுற தொனி வேண்டாம். ரோட் ஐலண்ட் கேக்கும் ஒரு பேக்கரியில் வாங்கியதுதான். வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் அக்காக்கள், தோழிகள் நிறைய பேர் இந்த ஷோவைக் கேக்குறீங்க. கஸ்டமர் கேட்கும் முன்னாடியே டப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. உங்க மேல நம்பிக்கை கூடும்.

மினுமினுப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பண்டிகை என்றால் பளபளப்பு வேணும்தான். சரியான டப்பாவில் இருப்பது சர்க்கரையும் பிசினும் நிறமும்தான், தாராளமாகத் தூவலாம். ஆனால் அந்த டப்பாவில் இருக்கும் ‘எடிபிள்’ என்ற ஒரு வார்த்தை சும்மா வரவில்லை. அக்கும் ஊரை விட்டுப் போனார், பிராட்ஃபோர்டில் சுமார் இருபது பேர் இறந்தார்கள், ஒரு ஹாலோவீனில் குழந்தைகள் படுத்துக் கிடந்தார்கள். அதுக்கெல்லாம் பிறகுதான் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் வந்தது. லேபிளைத் திருப்பிப் பார்க்க நமக்கு ஆகப்போவது பத்து செகண்ட்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, கேக் செய்யுற ஒருத்தருக்காவது அனுப்புங்க. அடுத்த எபிசோடில் ஓ’ஷானசி போட்ட அந்தத் தந்திக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே மெட்ராஸ் வரைக்கும் போவோம். அதுவரைக்கும், நல்லா சாப்பிடுங்க, படிச்சுப் பார்த்துட்டுச் சாப்பிடுங்க.